சூதாட்டத்தில் ‘அனுபவம்’ என்று ஒன்றை நம்பாதீர்கள்

இந்த வாரமும் ஒருவர் அதையே சொன்னார்: “டாக்டர், எந்த ஆட்டம் எனக்குக் கைகொடுக்கும் என்று அனுபவத்தில் தெரிந்து வைத்திருக்கிறேன்.” கடன் கழுத்தை நெரிக்கும் நிலையிலும் அந்த நம்பிக்கை மட்டும் அசையவில்லை. இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டதால்தான் எழுதுகிறேன்.

1994-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர்களான அந்துவான் பெக்காரா, அந்தோனியோ டமாசியோ குழுவினர் ஒரு சீட்டுச் சோதனையை வெளியிட்டனர். நான்கு கட்டுகள். இரண்டில் சீட்டுக்கு 100 டாலர் வரவு, மற்ற இரண்டில் 50 டாலர்தான். நடுநடுவே அபராதமும் விழும். கூட்டிக் கழித்தால், 100 தரும் கட்டுகளில் பத்துச் சீட்டுக்கு 250 டாலர் நஷ்டம். 50 தரும் கட்டுகளில் அதே அளவு லாபம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். எடுத்துப் பார்த்தே கற்க வேண்டும். மூளையின் முன்பகுதியில், கண்களுக்கு மேலாக உள்ள இடத்தில் சேதம் அடைந்தவர்கள் நஷ்டக் கட்டுகளையே நாடினார்கள். மற்றவர்கள் மெல்ல மாறிக்கொண்டார்கள்.

“அப்படியானால் என் மூளை நன்றாகத்தானே இருக்கிறது, நானும் கற்றுக்கொள்வேன்” என்பார்கள். பொறுங்கள். நஷ்டக் கட்டுகளில் ஒன்றில் பத்துச் சீட்டுக்கு ஐந்து முறை அபராதம். இன்னொன்றில் ஒரே முறை, ஆனால் 1,250 டாலர். பிறகு வந்த பல ஆய்வுகளில், எந்தக் குறையும் இல்லாதவர்களே இந்த இரண்டாவது கட்டை விரும்பி எடுத்தார்கள். பத்தில் ஒன்பது முறை அது வலிக்காமல் கொடுக்கிறது அல்லவா! மனம் எத்தனை முறை கிடைத்தது என்று எண்ணுகிறது. எவ்வளவு போனது என்று கூட்டுவதில்லை. ‘ராசியான ஆட்டம்’ என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இப்படிப் பழகிய விருப்பம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சோதனையில் தேடினால் கிடைக்கும் நல்ல கட்டுகள் இரண்டு இருந்தன. சூதாட்ட விடுதியிலோ செயலியிலோ அப்படி ஒன்றை யாரும் வைப்பதில்லை. நடத்துபவரின் பங்கு எடுக்கப்பட்ட பிறகுதான் உங்களுக்குப் பணம் வருகிறது. இல்லாத ஒன்றை எத்தனை ஆண்டு அனுபவம் கண்டுபிடிக்கும்?

ஆகவே நினைவை நம்பாதீர்கள்; வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து, ஆட்டத்தில் போட்ட பணம், வந்த பணம் இரண்டையும் தனித்தனியே கூட்டுங்கள். விட்டதைப் பிடிக்க இன்னொரு முறை ஆடாதீர்கள். செயலியை நீக்கினால் மட்டும் போதாது, அதில் உள்ள உங்கள் கணக்கையே மூடச் சொல்லுங்கள். பார்கின்சன் நோய்க்குப் பிரமிபெக்சோல் போன்ற மருந்து தொடங்கிய பின் இந்தச் சூதாட்ட ஆசை வந்ததா? அது மருந்தின் விளைவாக இருக்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். கேட்காவிட்டால் நோயாளிகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். கடனை ரகசியமாக அடைத்துவிட்டு, சத்தியம் வாங்கிக்கொண்டு திருப்தியடையாதீர்கள். பண நிர்வாகத்தைச் சில காலம் நீங்கள் ஏற்றுக்கொண்டு, அவரைச் சிகிச்சைக்கு அழைத்து வாருங்கள். 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடே கட்டுக்கடங்காத சூதாட்டத்தைப் போதைப் பழக்கங்களோடுதான் வகைப்படுத்துகிறது. திட்டித் திருத்த முடியாது. அவர் “செத்துவிடலாம் போலிருக்கிறது” என்று சொன்னால், அதை மிரட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல் அன்றே அழைத்து வாருங்கள்.