பணம் போயிடுச்சு, ஆனா வந்து சேரல

வியாபாரிகளை மின்னணுப் பணப் பரிமாற்றத்தில் சேர்த்துப் பழக்குவதுதான் என் வேலை. க்யூஆர் அட்டையை ஒட்டிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், சில இடங்களில் அந்த அட்டை மேசைக்கு அடியில் கிடக்கும். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான்.

ஒரு அம்மா சொன்னார்: வாங்க வந்தவர் “பணம் போயிடுச்சு” என்று தன் கைபேசியைக் காட்டியிருக்கிறார். இவருடைய கைபேசிக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. பின்னால் நாலு பேர் காத்து நிற்கிறார்கள். “நம்புறதா வேண்டாமான்னு தெரியல, பொருளைக் கொடுத்து அனுப்பிட்டேன்.” அந்தப் பணம் வரவே இல்லை. யாரிடம் புகார் சொல்வது என்று அவருக்குத் தெரியாது. சேர்த்தவர்களும் சொல்லித் தரவில்லை. அன்றிலிருந்து ரொக்கம் மட்டும்தான்.

இதைத் தொழில்நுட்ப பயம் என்று ஒதுக்கிவிடுகிறோம். அது சரியில்லை. கென்யாவில் 2007இல் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வந்தபோது சாதாரண பட்டன் போனிலேயே மக்கள் பணம் அனுப்பினார்கள். அது அங்கே வேரூன்ற முகவர்கள் முக்கியக் காரணம். போனில் இருக்கும் பணத்தை வேண்டும்போது பக்கத்திலேயே அவர்களிடம் நோட்டாக மாற்றிக்கொள்ள முடிந்தது. எடுக்க முடியும் என்று தெரிந்தால்தானே போட மனசு வரும்?

இந்தியாவில் யுபிஐ 2016இல் வந்தது. ரிசர்வ் வங்கி 2019இல் ஒரு விதி போட்டது. ஒருவர் கணக்கில் கழிந்த பணம் மற்றவர் கணக்கில் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். வியாபாரிக்குச் செலுத்தி உறுதிச் செய்தி வராமல் போனால் ஐந்து நாள் அவகாசம். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. எத்தனையோ விளம்பரங்கள் தராத நம்பிக்கையை இப்படி ஒரு விதி தரும் என்பது என் எண்ணம். ஆனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாதவருக்கு அதனால் என்ன பயன்?

கட்டணமும் முக்கியம்தான். பிரேசிலில் மத்திய வங்கியே 2020இல் தொடங்கிய பிக்ஸ் என்ற பணப் பரிமாற்ற முறையில் தனிநபர்களுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, வேகமாகப் பரவியது.

இப்போதெல்லாம் முதல் நாளே வியாபாரியை உட்காரவைத்து ஒரு சிறு தொகையை அனுப்பச் சொல்கிறேன், பெறச் சொல்கிறேன். எதிரே நிற்பவரின் திரையைப் பார்க்காமல் தன் கணக்கில் ஏறியதா என்று பார்க்கப் பழக்குகிறேன். பரிவர்த்தனை எண் எங்கே இருக்கிறது என்று அவர் விரலாலேயே தொட்டுக் காட்ட வேண்டும். அப்புறம் ஒன்று: பணம் வாங்க ரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால் அது மோசடி. இதை அவர் வாயால் திருப்பிச் சொல்லும்வரை நான் எழுந்திருப்பதில்லை.

இதே வேலை செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அட்டையை ஒட்டும்போதே அதற்குக் கீழே புகார் எண்ணையும் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள்.