பைப்பில் ஹீட் ராப் சுற்றும் முன் வண்டிக்கு அடியில் ஒருமுறை பாருங்கள்

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் கம்பத்தில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு ஒரே கோரிக்கையோடு ஜீப்புகள் வரும். "அண்ணே, கால் வைக்க முடியல. சைலன்சர் பைப்புக்கு ஹீட் ராப் சுத்தி விடுங்க." ஹீட் ராப் என்பது சூடான பைப்பின் மேல் சுற்றும் துணி போன்ற பட்டி. பெரும்பாலும் கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் ஆள் ஏற்றிப் போய்வரும் வண்டிகள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. வண்டி நிறைய ஆளோடு முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் மலை ஏறும்போது எஞ்சின் முழுப் பாரம் இழுக்கிறது. வேகம் இல்லாததால் அடியில் காற்று ஓடுவதில்லை. பைப்பின் சூடு அப்படியே தரைத்தகடு வழியாக ஏறி, ஓட்டுநர் காலையும் முன்சீட்டில் இருக்கும் அக்காமார் காலையும் சுடுகிறது.

இப்போது ஆன்லைனில் ஒரு சுருள் வாங்கி, வீடியோ பார்த்துத் தாங்களே சுற்றிக்கொண்டு வருகிறவர்களும் கூடிவிட்டார்கள். அப்படிச் சுற்றிய வண்டிகளை லிஃப்டில் ஏற்றிப் பிரித்துப் பார்க்கும்போது எனக்குப் பயம் வருகிறது. ஆட்களை ஏற்றும் வண்டி என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்தப் பட்டி என்ன செய்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இது கண்ணாடி நாரில் நெய்தது, அல்லது பசால்ட் எனும் எரிமலைப் பாறையை உருக்கி இழுத்த நாரில் நெய்தது. கடையில் 'டைட்டானியம்' என்று பொன்னிறத்தில் வருவது பெரும்பாலும் இந்தப் பாறை நார்தான். இரண்டு அங்குல அகலம், ஒன்றரை மில்லிமீட்டர் அளவு கனம். அது சூட்டை அழிப்பதில்லை, வெளியே வராமல் பைப்புக்குள்ளேயே பிடித்து வைக்கிறது. வெளியே காற்றில் கலைந்து போயிருக்க வேண்டிய சூடு இப்போது இரும்பில் நிற்கிறது. ரேஸ் வண்டிகளில் இது வேண்டுமென்றே செய்கிற வேலை. புகை சூடாக இருந்தால் வேகமாக வெளியேறும், பேனட்டுக்குள் காற்றும் குளிர்ந்திருக்கும். ஆனால் அந்த வண்டியை ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் அடியிலிருந்து பார்க்கிறார்கள், பைப் போனால் வேறு மாட்டுகிறார்கள். நம் தோட்ட ஜீப்பின் பைப்பை ஓட்டை விழுந்து சத்தம் வரும்வரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

டீசல் எஞ்சின் மலை ஏறும்போது மேனிஃபோல்டை (எஞ்சின் புகையைச் சேர்த்துப் பைப்புக்கு அனுப்பும் பாகம்) விட்டு வரும் புகை 500, 600 டிகிரி செல்சியஸ் வரை போகும். பெட்ரோல் வண்டியில் இன்னும் அதிகம். சாதாரண இரும்பு 550 டிகிரியைத் தாண்டி நீண்டநேரம் இருந்தால் செதில் செதிலாக உரிந்து மெலியத் தொடங்கும். வெறும் பைப்பாக இருந்தால் காற்று பட்டு அந்த அளவுக்குக் கீழேயே நிற்கும். பட்டி சுற்றினால் நிற்காது. வார்ப்பு இரும்பு மேனிஃபோல்டைச் சுற்றினால் சூடேறி ஆறும்போது விரிசல் விடும் ஆபத்தும் கூடுகிறது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை எண்ணெய்தான். பழைய ஜீப்பில் டேப்பெட் கவர் கேஸ்கெட் (எஞ்சின் மேல்மூடியில் எண்ணெயைத் தடுக்கும் அடைப்பு) கசியாத வண்டி அபூர்வம். மிச்ச டீசலைத் தொட்டிக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸ் வெடித்து ஈரமாக இருப்பதும் சகஜம். வெறும் பைப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் புகைந்து போய்விடும். நாற்றம் வரும், ஓட்டுநருக்குத் தெரியும், பட்டறைக்கு வருவார். அதே சொட்டு பட்டியில் விழுந்தால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நார் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த சொட்டும் அதோடு சேரும். நாருக்கு இடையில் காற்று இருக்கிறது, பக்கத்தில் இரும்பின் சூடு இருக்கிறது, அந்தச் சூடு வெளியேற வழி இல்லை. டீசலின் ஆவி தானாகத் தீப்பற்ற 210 டிகிரிக்குச் சற்று மேலே போனாலே போதும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. எண்ணெய் ஊறிய நார் அதற்குக் குறைவான சூட்டிலேயே உள்ளுக்குள் கனன்று, மெல்லத் தன் சூட்டைத் தானே ஏற்றிக்கொண்டு போகும். பெரிய ஆலைகளிலும் கப்பல் எஞ்சின் அறைகளிலும் நீராவிக் குழாயைச் சுற்றிய காப்பு எண்ணெய் ஊறித் தீப்பிடிப்பது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. நம் ஜீப்புக்கு அடியிலும் அதே கதைதான். மலை ஏறும்போது பற்றாமல், மேலே தோட்டத்தில் வண்டியை நிறுத்திய பிறகு, காற்றும் நின்றுபோன நேரத்தில் புகை கிளம்புவதும் உண்டு.

அதனால் என் பட்டறையில் ஒரு விதி. எண்ணெய்க் கசிவு இருக்கிற வண்டிக்கு ஹீட் ராப் கிடையாது. கேஸ்கெட் மாற்றி, ஹோஸ் மாற்றி, எஞ்சினைக் கழுவி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். பரவாயில்லை.

கழுவிவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ராப்பே தேவைப்படுவதில்லை. ஏனென்றால் கால் சுடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். கம்பெனி வைத்த தகரக் கவசம் எப்போதோ துருப்பிடித்துக் கழன்று விழுந்திருக்கும். கியர் லீவரைச் சுற்றியிருக்கும் ரப்பர் கிழிந்து, அந்த ஓட்டை வழியாக எஞ்சின் காற்று நேராகக் காலில் அடிக்கும். மேனிஃபோல்டு கேஸ்கெட் வழியாகப் புகை ஊதிக்கொண்டிருக்கும். ஏர் ஃபில்டர் தோட்டத்துப் புழுதியில் அடைத்திருக்கும். காற்று குறைந்து டீசல் கூடினாலும், பம்ப் டைமிங் (டீசலை விடும் நேரம்) பின்னால் போயிருந்தாலும் புகையின் சூடு ஏறும். இதில் கேஸ்கெட் ஊதுவதைப் பட்டி சுற்றி மூடிவிட்டால் சத்தம் கொஞ்சம் அடங்கும், கசிவு இருக்கும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மழைக்குத் தார்ப்பாய் இறக்கிக் கட்டிய ஜீப்புக்குள் அது சேரும் என்பதை மறக்கக் கூடாது.

என்னைக் கேட்டால், காலுக்குச் சூடு குறைய முதலில் செய்யவேண்டியது தகரக் கவசம்தான். பைப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு தகடு, இரண்டு பக்கமும் விரல் நுழையும் அளவுக்காவது இடைவெளி, அவ்வளவுதான். நடுவில் காற்று ஓடும், எண்ணெய் ஊறாது, துருவைக் கண்ணால் பார்க்கலாம். பட்டறையில் அரைநாள் வேலை. அழகாக இருக்காது, யாரும் படம் எடுத்துப் போடமாட்டார்கள். ஆனால் இத்தனை பாரம் இழுக்கும் வண்டிக்கு அதுவே சரி.

அடுத்தது மழை. கம்பம் பக்கம் மழை மறைவு, மலை தடுப்பதால் மழை குறைவு. மெட்டு ஏறிவிட்டால் ஜூன், ஜூலையில் நிற்காத மழை. காலையில் காய்ந்த ரோட்டில் சூடேறிய பைப் மேலே போய்த் தண்ணீரில் நனைகிறது. நாள் முழுக்கத் தோட்டத்தில் நிற்கும்போது பட்டி ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. வெறும் பைப்பானால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். இரண்டு மழைக்காலம் பார்த்த பட்டியைப் பிரித்தால், உள்ளே பைப் சல்லடையாக இருப்பதைப் பார்க்கலாம். வெளியே பட்டி மட்டும் நன்றாக இருக்கும். மேல் பூச்சாக அடிக்கும் சிலிக்கோன் ஸ்ப்ரே ஈரத்தைக் கொஞ்சம் தடுக்கும், முழுக்கத் தடுக்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பாக இருந்தால் இன்னும் தாக்குப்பிடிக்கும். சாதாரண இரும்புப் பைப்பில், மழைப் பக்கம் ஓடும் வண்டிக்கு, ராப் வேண்டாம் என்றே நான் சொல்கிறேன்.

அப்படியும் ஒரு சின்ன இடத்தில், டீசல் ஹோஸுக்கோ வயருக்கோ மிக அருகில் பைப் போகிறது, தகடு நுழைய இடமில்லை என்றால் அந்த அளவுக்கு மட்டும் சுற்றலாம். அதிலும் ஒன்று. எரிபொருள் குழாயிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் சைலன்சர் பைப் வரக்கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. வண்டி பழையதோ புதியதோ, பைப் அவ்வளவு அருகில் வந்திருந்தால் யாரோ தப்பாக வளைத்து மாட்டியிருக்கிறார்கள். குழாயைத் தள்ளி மாட்டுவதுதான் தீர்வு, பட்டி இல்லை.

சுற்றும்போது பின்பக்கத்திலிருந்து தொடங்கி எஞ்சினை நோக்கி வர வேண்டும். அப்போதுதான் மேல் சுற்றின் ஓரம் பின்னோக்கி இருக்கும், கல்லும் தண்ணீரும் அடியில் புகாது. கால் அங்குலம் ஏறிப் படிந்தால் போதும், ஒரே அடுக்கு. கனமாகச் சுற்றினால் நல்லது என்று இரட்டையாகச் சுற்றாதீர்கள். கண்ணாடி நார்ப் பட்டி சிலவற்றை நனைத்துச் சுற்றச் சொல்வார்கள், பாறை நாரைப் பொதுவாகக் காய்ந்தபடியே சுற்றுவார்கள். அட்டையில் எழுதியிருப்பதைப் பாருங்கள். ஃபிளாஞ்ச் (பைப்புகளை இணைக்கும் தட்டு), போல்ட், வளையும் பெல்லோஸ், சென்சார், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இவற்றின் மேல் பட்டி படவே கூடாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகை மாசு விதி) டீசல் வண்டிகளில் புகையிலுள்ள கரியை வடிக்கும் ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும்போது 600 டிகிரி அளவுக்குப் போகும். அந்தச் சூட்டைச் சென்சார் வைத்துக் கணக்குப் பார்த்துத்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் டீசலை விடுகிறது. அங்கே கை வைக்கவே வேண்டாம். கட்டுவதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டை மட்டும். கட்டுக்கம்பி சூட்டில் தளர்ந்து, துருவேறி அறுந்து, பட்டி அவிழ்ந்து தொங்கும்.

முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகக்கவசம் இல்லாமல் பட்டியை வெட்டாதீர்கள். நார்த்தூள் தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும். பழைய பட்டியைப் பிரிக்கும்போது தூள் இன்னும் அதிகம், நனைத்துவிட்டுப் பிரியுங்கள்.

பட்டறைத் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. பழைய ஜீப்பிலும் லாரியிலும் சைலன்சரைச் சுற்றி வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ முறுக்கிய கயிறு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் கயிறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும். இன்று சுவாசித்தது பல வருடங்கள் கழித்துத்தான் காட்டும். அதை ஏர் அடித்து ஊதாதீர்கள், இழுத்துப் பிய்க்காதீர்கள். நன்றாக நனைத்து, ஈரத்தோடே எடுத்து, இரட்டைப் பையில் கட்டி ஒதுக்கி வையுங்கள். வேலை செய்த சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்க வேண்டாம்.

முதல்முறை சூடேறும்போது புதுப் பட்டியிலிருந்து கொஞ்ச நேரம் புகை வரும். நெய்யும்போது பூசிய பசை எரிவது அது. அந்த முதல் ஓட்டத்தை ஆள் இல்லாமல், வெளியில், கதவு திறந்து செய்யுங்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் புகையோ எண்ணெய் கருகும் வாசனையோ வரக்கூடாது. மலைப்பாதையில் வந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள். ஆட்களை இறக்கித் தள்ளி நிறுத்துங்கள், பேனட்டை அகலத் திறக்காதீர்கள், காற்று உள்ளே போனால் தீ சட்டென்று எழும். பூட்டை மட்டும் விடுவித்து, அந்த இடைவெளி வழியாக பவுடர் தீயணைப்பானை அடியுங்கள். தீ அணைந்த பிறகும் எண்ணெய் ஊறிய பட்டி உள்ளே கனன்றுகொண்டிருக்கும், மீண்டும் பற்றும். அதனால் அணைந்துவிட்டது என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பக் கூடாது. வேறு ஜீப்பைக் கூப்பிட்டு அவர்களை அனுப்பிவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக் கொண்டுவாருங்கள்.