'வழங்கி' இருக்க 'சேவையகம்' எதற்கு?

கணினி உலகின் சர்வருக்குத் தமிழில் 'சேவையகம்', 'வழங்கி' என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. "சேவையகம் முடங்கியது" என்று எழுதுகிறார்கள். முடங்கியது எது? பொறியா, அதில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருளா?

சர்வர் என்பதன் வேர் லத்தீன். ஏவல் செய்வது என்று பொருள். வலை சர்வர் என்றால் உலாவி கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள். 1995இல் வந்த அப்பாச்சி, 2004இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் எல்லாம் இந்த வகை.

சேவையகத்தில் 'அகம்' எங்கிருந்து வந்தது? நூலகம், மருந்தகம், உணவகம் எல்லாம் இடங்கள். உணவகத்தில் இட்லி கொண்டுவருபவரையும் சர்வர் என்றுதான் கூப்பிடுகிறோம். அவரை உணவகம் என்பார் உண்டா? மண்வெட்டி, பூச்சிக்கொல்லி வரிசையில் 'வழங்கி' இயல்பாக உட்கார்கிறது. செய்வது எது என்று சொல்லிலேயே தெரிகிறது. பொறியைத்தான் சொல்ல வேண்டுமா, வழங்கிக் கணினி என்று சொல்லிவிட்டுப் போகலாம். 'வழங்கி'யில் தானதர்ம வாடை அடிக்கிறது என்று ஒரு வாதம் வேறு. குடிநீர் வழங்கல் வாரியம் மாதாமாதம் தர்மமா செய்கிறது?

அடுத்தது மானிட்டரிங். லத்தீனில் மானிட்டர் என்றால் எச்சரிப்பவர். நாகியோஸ், பிரோமித்தியஸ் போன்ற மென்பொருள்கள் பக்கம் எதையும் பரிமாறுவதற்காக வந்தவை அல்ல. மற்றவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் ஆளை எழுப்புபவை. இதற்குக் 'கண்காணி' போதும். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் கூலியாட்களை மேய்த்த கங்காணி வழியாக ஆங்கிலத்துக்கே போன சொல் அது. தோட்டத்துக் கசப்பு அதில் ஒட்டியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 'கண்காணிப்பு மேலாண்மைச் சேவையகத் தீர்வு' என்று நீட்டி முழக்குவதற்கு இது எவ்வளவோ மேல்.

நாகியோஸ் திரையையே பாருங்கள். பொறி தனி வரிசை, அதில் ஓடும் சேவைகள் தனி வரிசை. என்ஜின்எக்ஸ் மட்டும் செத்துப்போனால், பொறி உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் பிங்குக்குப் பதில் வரும், வலைப்பக்கம் கேட்கும் வாசலான 80ஆம் போர்ட்டில் வராது. பொறிக்கு எதிரே 'அப்' (ஓடுகிறது) என்று பச்சை, வலைப்பக்கம் தரும் சேவையான எச்டிடிபிக்கு எதிரே 'கிரிட்டிகல்' (ஆபத்து) என்று சிவப்பு. கருவி இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் காட்டுவதை நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'சேவையகம் செயலிழப்பு' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். நடுராத்திரியில் அதைப் படிப்பவர் மின்சாரத்தைப் பார்ப்பாரா, என்ஜின்எக்ஸை மறுபடி கிளப்புவாரா?

அப்புறம் 'சிறந்த சேவையக மென்பொருள்கள்' என்று தலைப்பிட்டு அப்பாச்சியையும் நாகியோஸையும் ஒரே அட்டவணையில் போட்டு மதிப்பெண் கொடுக்கிறார்கள். எதில் யார் ஜெயித்தார் என்று அதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும்.