ஓகஸ்ட் மாதத்துக் கிணறு

எங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் எப்போதும் ஒரு வெள்ளைப் படிவு இருக்கும். தேசிக்காய்ப் புளி விட்டு ஊற வைத்தால் நுரைத்துக் கரையும்; கொஞ்ச நாளில் திரும்பவும் வந்து ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வீடுகளில் இது புதினம் இல்லை. அந்த வெள்ளை, நாம் காலூன்றி நிற்கிற நிலம்தான். மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது; போகிற வழியில் சுண்ணாம்புக்கல்லை அரிக்கிறது. கொதிக்க வைத்ததும் வாயு வெளியேற, கரைந்த கல் மறுபடி கல்லாகிவிடுகிறது. இப்படிக் காலங்காலமாக அரிபட்டதில்தான் குடாநாட்டின் அடிநிலம் வெடிப்பும் பொந்தும் குகையுமாகக் கிடக்கிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறு நமக்கு இல்லை. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடும். அந்த வெடிப்புகளில் தங்கும் மழைநீர்தான் நம் சொத்து.

யாழ்ப்பாணத்துச் சுற்றுலாவைப் பற்றிப் பேசுவதென்றால் இந்தக் கிணற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. கோட்டை, நூலகம், நயினாதீவு, நெடுந்தீவுக் குதிரைகள், கசூரினா கடற்கரை என்று பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ், சூரிச் என்று போன நம் சொந்தங்களும் வருகிறார்கள். அவர்கள் வருவது பெரும்பாலும் ஜூலை, ஓகஸ்ட்டில். அங்கே பள்ளிக்கூட விடுமுறை, இங்கே 25 நாள் நல்லூர்த் திருவிழா. நம் மழையோ ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதாவது, விருந்தாளிகள் நிறையும் மாதங்களில்தான் கிணறு மெலிந்து கிடக்கிறது.

மெலிவது என்றால் என்ன? நம் நிலத்தடி நன்னீர் பாறையில் அடைபட்ட தாங்கி அல்ல. கீழே கடல்நீர் ஊறிக் கிடக்கிறது. அதன் மேல் நன்னீர் மிதக்கிறது. ஒரு கனமீற்றர் நன்னீர் 1,000 கிலோ என்றால் கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோ. இந்தச் சிறு வித்தியாசத்தால், நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், அதன் அடிப்பாகம் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை இறங்கியிருக்கும். ஒல்லாந்துப் பொறியியலாளர் பாடோன் கைபனும் ஜேர்மனியின் ஹேர்ஸ்பேர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் முடிவை ஒட்டித் தனித்தனியாகக் கண்ட கணக்கு இது. வில்லை போன்ற வடிவம்: குடாநாட்டின் நடுவில் தடிப்பு, கரையோரம் மெல்லிசு. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. இராமரின் அம்பு பட்டு ஊறிய கிணறு என்று சொல்லி அதை எட்டிப் பார்ப்பவர்கள், இந்த வில்லையைத்தான் பார்க்கிறார்கள்.

1க்கு 40 என்பது வரவில் எவ்வளவு இனிப்போ செலவில் அவ்வளவு கசப்பு. மட்டம் 10 சென்றிமீற்றர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழேயுள்ள உப்பு 4 மீற்றர் வரை மேலே ஏறலாம். அதுவும் மோட்டருக்கு நேர் கீழேதான் ஏறும், கூம்பு போல. முந்தித் துலா மிதித்து இறைத்த காலத்தில் தண்ணீர் மெல்ல வந்தது, கிணறு ஊற நேரம் கிடைத்தது. இன்று கூரைத் தாங்கியை நிரப்ப மோட்டர் ஒரே மூச்சில் இழுக்கிறது. வெடிப்பு நிறைந்த பாறையில் உப்புக்கும் வழி சுலபம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு விடுதியானது. பத்து அறை, பத்துக் குளியலறை. வாளியில் அள்ளிக் குளித்தால் நாலைந்து வாளியில் முடியும். நிமிடத்துக்கு 10 லீற்றர் பாயும் ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 100 லீற்றர். படுக்கை விரிப்பும் துவாயும் தோய்ப்பது தனி. அந்தக் கோடையில் பக்கத்து வீட்டு அக்கா, "தேத்தண்ணி வாயில வைக்க ஏலாமல் கிடக்கு" என்றா. வாங்கிக் குடித்துப் பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் சவர் தெரிந்தது. விடுதிக்காரர் பவுசரில் தண்ணீர் எடுப்பித்துச் சமாளித்தார். அக்கா வீட்டில் அதற்குக் காசில்லை.

உப்பு நாக்குக்குத் தெரியும். கழிவிலிருந்தும் உரத்திலிருந்தும் வந்து தண்ணீரில் கரையும் நைத்திரேற்று தெரியாது. மலசலகூடக் குழிக்கு அடி பூசாமல் விட்டால், மெல்லிய மண்ணைத் தாண்டிக் கழிவு நேரே வெடிப்புக்குள் இறங்கும். ஒரு குடும்பத்துக்கு வெட்டிய குழியில் முப்பது பேரின் கழிவு சேர்ந்தால் கிருமியும் நைத்திரேற்றும் பக்கத்துக் கிணற்றுக்குப் போகும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: அளவு மீறினால் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாயும்.

பழியை முழுக்க விடுதிகளின் தலையில் போடுவது நியாயமில்லை. நிலத்தடி நீரை அதிகம் இறைப்பது தோட்டங்கள். நைத்திரேற்றில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் விடுதிகள் முளைப்பது நகரத்துச் சிறு காணிகளில், வில்லை மெலிந்த கரையோரங்களில்.

சரி, பதிலுக்குக் காசு வருகிறதே? வருகிறது, எவ்வளவு தங்குகிறது என்பதுதான் கேள்வி. பாசையூரில் வாங்கிய நண்டு, உரும்பிராய் வெங்காயம், வேலியோர முருங்கையிலை, ஒடியல் மா என்று சமைத்த சாப்பாட்டின் காசு கடற்றொழிலாளியிடம் போய், அங்கிருந்து வலை பொத்துபவரிடமும் மூலைக் கடைக்காரரிடமும் போகும். ஒவ்வொரு கையிலும் 100 ரூபாயில் 60 ரூபா ஊருக்குள்ளேயே செலவானால், அந்த நூறு 100, 60, 36 என்று சுற்றிச் சுற்றி 250 ரூபாய்க்கு வேலை செய்யும். இறக்குமதி வெண்ணெயும் பெட்டிச் சீரியலும் வைத்து, இலாபமும் வெளியூர் போய், ஊரில் ஒவ்வொரு கையிலும் 20 ரூபாதான் மிஞ்சுகிறது என்றால் மொத்தமே 125. இரண்டு விருந்தாளிகளும் ஒரே அளவு தண்ணீர்தான் குளித்திருப்பார்கள். அதனால் வந்தவர்களின் தலையை எண்ணிச் சந்தோஷப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஊரில் எவ்வளவு தங்கியது என்று எண்ண வேண்டும்.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. நல்ல துணை. ஆனால் அப்படி ஒரு கனமீற்றர் குடிநீர் எடுக்க சுமார் 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். வானம் அதைச் சும்மா தருகிறது. 100 சதுர மீற்றர் கூரையில் 1 மீற்றர் மழை பெய்தால் ஒரு இலட்சம் லீற்றர். இவ்வளவு பெரிய கூரை வைத்திருக்கும் விடுதி பீலித் தண்ணீரை றோட்டில் விடுவது எனக்குப் பொறுக்கவில்லை. மலசலகூடக் குழிக்கு அடி பூச வேண்டும். மோட்டரைச் சிறியதாக்கி, விட்டு விட்டு இறைக்க வேண்டும். மழைநீர் நிலத்துக்குள் இறங்க, கிணற்றிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு குழி வெட்டி, கீழே சல்லி, மேலே மணல் நிரப்பி, பீலிக் குழாயை அதற்குள் விட வேண்டும். முதல் மழை கூரையின் தூசியையும் காக எச்சத்தையும் கழுவி வரும். அதை வெளியே போக விட்டு, அடுத்த மழைக்குக் குழாயைத் திருப்பினால் சரி.