கேர்லிங் கல்லை ஒருக்கா பிரட்டிப் பாருங்கோ

பிள்ளையளைக் கேர்லிங் (ஐஸில பாரமான கல்லைத் தள்ளி இலக்குக்கு ஓடவிடுற விளையாட்டு) பழகக் கூட்டிக்கொண்டு வாற எங்கட ஆக்கள் கனபேர் என்னட்டைக் கேக்கிற முதல் கேள்வி, "தம்பி, உது சீமெந்துக் கல்லோ?" எண்டதுதான். இல்லை, கிரனைட். ஆனா குசினி மேசைக்குப் போடுற கிரனைட்டும் இல்லை. நான் ஒன்ராறியோவில ஒரு கிளப்பில ஐஸ் போடுற வேலை செய்யிறன், கல்லுகளைப் பராமரிக்கிறதும் என்ர பொறுப்புத்தான். இந்தக் கல்லு எங்கயிருந்து வருது, எப்பிடிச் செய்யினம் எண்டு தெரிஞ்சால் அதைக் கவனமாப் பாவியுங்கோ எண்டு நான் ஒவ்வொரு கிழமையும் தொண்டை கிழியக் கத்தத் தேவையில்லை எண்டுதான் இதை எழுதுறன்.

ஸ்கொட்லாந்தின்ர மேற்குக் கரையில, கேர்வன் எண்ட ஊருக்கு நேர, ஒரு 16 கிலோமீற்றர் கடலுக்குள்ள ஐல்சா கிரேக் எண்டொரு தீவு இருக்கு. தீவு எண்டாலும் அது 6 கோடி வருசத்துக்கு முன்னம் ஒரு எரிமலையின்ர தொண்டைக்குள்ள இறுகிப்போன கல்லு, சுத்தியிருந்ததெல்லாம் அரிஞ்சுபோக நடுத்துண்டு மட்டும் 338 மீற்றர் உயரத்துக்கு மிஞ்சி நிக்குது. இப்ப அங்க ஆக்கள் ஒருத்தரும் குடியிருக்கிறேல்லை, கடற்பறவையள்தான். பறவையள் சரணாலயம் எண்டதால வெடிவைச்சு உடைக்க விடமாட்டினம், முந்தி உடைஞ்சு கிடக்கிற பாறையளைத்தான் எடுக்கலாம். அப்பிடி எடுக்கிற உரிமை கேய்ஸ் எண்ட ஒரு கொம்பனிக்கு மட்டும்தான் இருக்கு. 1851இல தொடங்கின கொம்பனி, பட்டறை மொக்லின் எண்ட ஊரில. அவையளும் நினைச்ச நேரம் போய் அள்ளுறேல்லை, 2002இல ஒருக்கா, பிறகு 2013இல ஒரு 2,000 தொன், அடுத்தது 2020இல. பிள்ளையள் காலால உதைக்கிற கல்லு அங்கயிருந்து வந்ததாக்கூட இருக்கலாம்.

ஒரே தீவில எடுத்தாலும் எல்லாம் ஒரே கல்லு இல்லை. புளூ ஹோன் எண்டு ஒண்டு, கொமன் கிரீன் எண்டு இன்னொண்டு. புளூ ஹோன் சரியான நெருக்கமான கல்லு, அதுக்குள்ள இருக்கிற மணி (துகள்) எல்லாம் பொடிசு, தண்ணியைக் கிட்டத்தட்ட உறிஞ்சவே மாட்டுது. இது ஏன் முக்கியம் எண்டால், கல்லுக்குள்ள தண்ணி போய் உறைஞ்சால் அது விரியும், விரியேக்க மணியைத் தள்ளி வெளியில எடுத்துவிடும், கொஞ்ச நாளில மேற்பரப்பில சின்னச் சின்னக் குழி விழும். ஆனா அடிக்கு அடி முட்டுப்பட்டால் தாங்கிறதுக்கு கொமன் கிரீன்தான் நல்லம், அதில மணியள் பெரிசும் சின்னனும் கலந்து கிடக்கு. அதால கேய்ஸ் இப்ப செய்யிற கல்லில உடம்பு கொமன் கிரீன், ஐஸில படுற அடிப்பக்கத்தில மட்டும் புளூ ஹோன் வில்லை ஒண்டைப் பதிச்சு பசை போட்டு இறுக்கியிருப்பினம். ஓடுறதுக்கு ஒரு கல்லு, அடி வாங்கிறதுக்கு ஒரு கல்லு.

செய்யிற விதம் சொல்லுறதெண்டால், பாறையைப் பலகை பலகையா அரிஞ்சு, வைரப்பல்லு வைச்ச துளைகருவியால வட்டமா வெட்டி எடுக்கினம். பிறகு லேத்தில வைச்சு வடிவம் கடைஞ்சு, நடுவில துளை போட்டு, பொலிஷ் பண்ணி, சுத்திவர முட்டுற இடத்தில மட்டும் ஒரு பட்டையைப் பளபளப்பில்லாமல் விடுவினம். கடைசியில துளைக்குள்ளால போல்ற் ஒண்டைப் போட்டுக் கைப்பிடியைப் பூட்டுறது. எல்லாத்தையும் சேர்த்து 17.24 கிலோவுக்குக் குறையவும் கூடாது, 19.96 கிலோவைத் தாண்டவும் கூடாது, சுற்றளவு 914 மில்லிமீற்றருக்கு மேல போகக்கூடாது.

வேல்ஸில ட்ரெஃபர் எண்ட இடத்துக் கல்லும் இருக்கு, கனடாவில கன கிளப்புகளில அதுதான். இந்தக் கல்லுகளில குவார்ட்ஸ் எண்ட கனிமம் இல்லை, அதாலதான் உடையிறேல்லை எண்டு கன காலமாச் சொல்லிக்கொண்டிருந்தினம். 2022இல கனடா ஆய்வாளர்கள் ரெண்டு இடத்துக் கல்லு வகையளையும் மைக்ரோஸ்கோப்பில பாத்து எல்லாத்திலயும் குவார்ட்ஸ் இருக்கெண்டு எழுதிப்போட்டினம்.

இனி விசயத்துக்கு வாறன். கல்லைப் பிரட்டிப் பாத்தால் அடிப்பக்கம் தட்டையா இருக்காது, சோத்துக் கோப்பை மாதிரிக் குழிஞ்சிருக்கும், குழியைச் சுத்தி மெல்லிசா ஒரு வளையம். அகலம் ஒரு சென்ரிமீற்றரும் வராது. அந்த முழுப் பாரமும் அதிலதான் நிண்டு ஓடுது. நகத்தால தடவிப் பாத்தால் லேசாச் சொரசொரக்கும், அந்தச் சொரசொரப்பு இருந்தால்தான் கல்லு வளைஞ்சு போகும் (ஏன் அப்பிடி வளையுது எண்டு பௌதிகக்காரர் இன்னும் சண்டைதான்). தேஞ்சு மழமழப்பாப் போனால் நாங்கள் சான்ட்பேப்பர் போட்டுத் திருப்பி எடுக்கிறம், எல்லாக் கல்லுக்கும் ஒரே அளவா. ஒண்டுக்குக் கூடப் போட்டால் அது மட்டும் தன்ர பாட்டில வளையும், பிறகு விளையாடுறவை என்னைத்தான் திட்டுவினம்.

ரோட்டில போட்டுவந்த சப்பாத்தோட ஐஸில ஏறாதேங்கோ எண்டு சொல்லுறது இதுக்குத்தான். பனிக்காலத்தில ரோட்டில கொட்டுற உப்பும் மண்ணும் சப்பாத்தில ஒட்டிவரும், ஒரு மணல் அந்த வளையத்துக்குக் கீழ போனால் கல்லு திடீரெண்டு திசைமாறும், வளையத்திலயும் கீறல் விழும். கல்லுக்கு மேல இருக்கிறது, முழங்கால் ஊண்டுறது, உள்ளங்கையை ஐஸில வைச்சுப் படம் எடுக்கிறது, இதெல்லாம் வேண்டாம். ஐஸுக்கு மேல நாங்கள் தெளிச்சு உறையவிட்டிருக்கிற சின்னத் தண்ணித் துளியள் உருகிப்போகும். கல்லைச் சூடான அறைக்குள்ள கொண்டுபோய்த் திருப்பி ஐஸில வைச்சாலும் அதேதான், வட்டமா ஒரு அடையாளம் விழுந்திடும்.

கைப்பிடியில பிடிச்சு ஒருநாளும் தூக்காதேங்கோ. அது தள்ளுறதுக்குப் போட்டது, தூக்கினால் முதுகு பிடிக்கும். கைதவறிக் கல்லு விழுந்தால் ஐஸில பள்ளம், கால்விரலில விழுந்தால் அதைவிடப் பிரச்சினை. ஓடிவாற கல்லைக் கையாலயோ காலாலயோ மறிக்கவேண்டாம், தும்புத்தடியால மறியுங்கோ. ரெண்டு கல்லுக்கு நடுவில விரல் அம்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவையை எனக்குத் தெரியும். சின்னனுகளுக்கெண்டு பாரம் குறைஞ்ச கல்லு கன கிளப்பில இருக்கு, கேட்டு வாங்குங்கோ. ஹெல்மெற் கட்டாயம் போட்டுவிடுங்கோ, ஐஸில பின்பக்கமா விழுந்தால் முதலில அடிபடுறது தலைதான்.

கல்லில சில்லு பேந்திருந்தாலோ, ஓடேக்க கரகரவெண்டு சத்தம் கேட்டாலோ, கைப்பிடி ஆடினாலோ, அந்தக் கைப்பிடியில இருக்கிற நம்பரைப் பாத்து எங்கட ஆக்கள் ஆரிட்டயாவது அண்டைக்கே சொல்லிப்போடுங்கோ. வளையம் மட்டும் பழுதெண்டால் அனுப்பிப் புது வில்லை பதிச்சு எடுக்கலாம், பழைய கல்லு சிலதைக் கைப்பிடி கழட்டிப் பிரட்டிப்போட்டே இன்னும் கன வருசம் ஓட்டலாம்.