போரில் காயப்பட்ட பூட்டனின் ஆவணங்கள்: கொழும்பிலிருந்து தேடுவது எப்படி

முதலாம் அல்லது இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டுத் திரும்பிய ஒருவர் உங்கள் குடும்பத்தில் இருந்தாரென்றால், அவரைப் பற்றிய ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்துகொண்டே இதில் பெரும்பகுதியைச் செய்யலாம். காயம் காரணமாக அவர் பிறகு இறந்திருந்தால், இன்றும் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஓர் அங்கீகாரம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். பலருக்கும் தெரியாமலே போவது அதுதான்.

முதல் வேலை, அவர் யாருடைய படையில் இருந்தார் என்று கண்டுபிடிப்பது. "பட்டாளத்தில் இருந்தவர்" என்று வீட்டில் சொல்வதை வைத்து எங்கும் எழுத முடியாது. இலங்கை இலகு காலாட்படை போன்ற உள்ளூர்ப் படையணிகள் அன்றைய இலங்கைப் பாதுகாப்புப் படையின் கீழ் இருந்தன. இரண்டாம் போரில் இலங்கையர் சிலர் பிரித்தானிய இராணுவத்தின் பயனியர் கோர் (உடலுழைப்பு, கட்டுமான வேலைப் படை), சேர்விஸ் கோர் (போக்குவரத்து, வழங்கல் படை) பிரிவுகளில் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போனார்கள். தமிழகத்தில் வேர் உள்ள குடும்பங்களில் இந்திய இராணுவத்தில் இருந்தவர்களும் உண்டு. அவர்களுடைய பதிவுகளை லண்டனில் தேடிப் பெரும்பாலும் பயனில்லை. சாதாரண சிப்பாயாக இருந்தவரென்றால் அந்தந்தப் படையணியின் தலைமையகத்துக்கே எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் உள்ள வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை என்றால் பெங்களூர்.

வீட்டில் பதக்கம் இருந்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதலாம் போரின் வட்டமான பிரித்தானியப் பதக்கங்களில் விளிம்பைச் சுற்றி சிப்பாயின் இலக்கம், தரம், பெயர், படையணி எல்லாம் பொறித்திருக்கும். 1914-15 நட்சத்திரம் என்றால் அதே விபரம் பின்பக்கத்தில். "அரசனுக்கும் பேரரசுக்கும்" என்று ஆங்கிலத்தில் எழுதிய சிறிய வெள்ளி பேட்ஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. காயத்தாலோ நோயாலோ சேவையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு 1916 முதல் கொடுத்தது அது. பின்புறத்தில் உள்ள இலக்கத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம். இரண்டாம் போரில் பிரித்தானியா கொடுத்த பதக்கங்களில் பொதுவாகப் பெயர் இருக்காது. அப்போது சம்பளப் புத்தகம், விடுவிப்புக் கடிதம், சீருடையோடு எடுத்த படம் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

பிரித்தானிய இராணுவம் என்றால் அடுத்தது லண்டன் கியூவில் உள்ள தேசிய சுவடிகள் காப்பகம். முதலாம் போரின் சாதாரண சிப்பாய்களுடைய கோவைகளில் ஏறக்குறைய 60 சதவீதம் 1940 செப்டெம்பர் குண்டுவீச்சில் எரிந்துவிட்டன. கோவை இல்லை என்று பதில் வந்தால் மனம் தளர வேண்டாம். காயப்பட்டவருக்கு பென்ஷன் கொடுக்க வேண்டியிருந்ததால் அவர்களைப் பற்றிய தாள்கள் வேறு இடத்திலும் சேர்ந்தன. கியூவின் பட்டியலில் டபிள்யூ.ஓ. 364 (WO 364) என்ற தொகுதி, பென்ஷன் கோவைகளிலிருந்து மீட்ட தாள்கள். எம்.எச். 106 (MH 106) தொகுதியில் போர்க்கால வைத்தியசாலைச் சேர்க்கைப் பதிவேடுகளில் ஒரு பகுதி இருக்கிறது. இரண்டாம் போருக்கு டபிள்யூ.ஓ. 417 என்ற இழப்புப் பட்டியலைப் பாருங்கள். இறந்தவர்களோடு காயப்பட்டவர்களும் அதில் உண்டு.

இரண்டாம் போரின் தனிப்பட்ட சேவைக் கோவைகள் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து 2022 முதல் கியூவுக்கு மாற்றப்பட்டு வருகின்றன. பிறந்து 115 வருடம் தாண்டாதவரின் கோவை பொதுவாக மூடப்பட்டிருக்கும். மரணச் சான்றிதழைக் கொடுத்துக் கேட்க வேண்டும். ஆகவே சான்றிதழை முதலிலேயே எடுத்து வையுங்கள். மரணம் பதிவான பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். திகதி சரியாகத் தெரியாவிட்டால், தெரிந்தவரைக்கும் வருடங்களைக் குறிப்பிட்டுப் பதிவேட்டில் தேடச் சொல்லலாம். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழை சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.

பெயர் விஷயத்தில் பொறுமை வேண்டும். ஆறுமுகம் கந்தையா என்பவரை ஒரு கிளார்க் ஆறுமுகம் என்று எழுதியிருப்பார், இன்னொருவர் கந்தையா என்று எழுதியிருப்பார், எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பெயரைவிட இராணுவ இலக்கத்தையே நம்புங்கள்.

உள்ளூர்ப் படையணி என்றால் தேடல் கொழும்பிலேயே தொடங்குகிறது. கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் அக்கால ஆங்கிலப் பத்திரிகைகளையும் அரசாங்க வர்த்தமானியையும் பார்க்கலாம். வாசகர் அனுமதி பெற்றுக்கொண்டு போங்கள். இன்றைய இராணுவம் 1949இல் உருவானது. அதற்கு முந்திய ஆட்பதிவு எங்கே என்று இராணுவத்திடம் கேட்க 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இலங்கைப் பிரஜை யாரும் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "என் பூட்டனைப் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். "இந்தப் படையணியின் 1939-1945 பெயர்ப்பதிவேடு உங்களிடம் உள்ளதா, இல்லையெனில் எந்த நிறுவனத்துக்கு ஒப்படைக்கப்பட்டது" என்று கேளுங்கள். 'இல்லை' என்று எழுத்தில் வந்தாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தொடக்கத்தில் சொன்ன அங்கீகாரத்துக்கு வருவோம். கொழும்பின் லிவரமெந்து போன்ற மயானங்களில் போரில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பராமரிப்பது பொதுநலவாய போர்க் கல்லறைகள் ஆணைக்குழு. களத்தில் விழுந்தவர்களை மட்டும் அது கணக்கில் எடுப்பதில்லை. சேவையிலிருந்து விடுபட்டு வீட்டில் இறந்தவராக இருந்தாலும், சேவையில் பட்ட காயமோ நோயோதான் காரணமென்றால் அவரும் அதற்குள் வருவார். ஆனால் மரணம் முதலாம் போருக்கு 1921 ஆகஸ்ட் 31க்குள்ளும், இரண்டாம் போருக்கு 1947 டிசம்பர் 31க்குள்ளும் நடந்திருக்க வேண்டும். அன்று விடுபட்ட பெயரை அதன் போர் இறந்தோர் பட்டியலில் இன்று சேர்க்கச் சொல்லிக் குடும்பத்தினர் விண்ணப்பிக்கலாம். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் முதலில் பெயரைத் தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் எழுதுங்கள்.

அதற்குத் தேவை இரண்டு தாள். காயத்தையோ நோயையோ காட்டும் சேவைக் கோவை அல்லது பென்ஷன் பதிவு ஒன்று, மரணத்துக்கான காரணம் எழுதிய சான்றிதழ் மற்றது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். தொடையில் குண்டுக் காயம் என்று கோவையில் இருந்து, சான்றிதழில் வெறும் 'காய்ச்சல்' என்று இருந்தால் தொடர்பைக் காட்டுவது கஷ்டம். இடைப்பட்ட காலத்தின் வைத்தியசாலைத் துண்டோ பென்ஷன் சபையின் கடிதமோ அங்கேதான் உதவும். பழைய தகரப்பெட்டியில் கிடக்கும் தாள்களை எறியாமல் வைத்திருக்கும்படி வீட்டில் இப்போதே சொல்லி வையுங்கள்.