மயக்க ஊசியா, மரப்பு ஊசியா?

மதுரைப் பெரியாஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "முதுகுல ஊசி போட்டாக. முழிச்சுத்தான் இருந்தேன், கத்தி வச்சதே தெரியல." முழித்திருந்தவருக்குப் போட்டதையும் நாம் மயக்க ஊசி என்றே சொல்கிறோம்.

இதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் அனஸ்தீசியா கிரேக்க வேர் கொண்ட சொல். 'அன்' இல்லாமை, 'ஐஸ்தெசிஸ்' உணர்வு. உறக்கத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. 1846இல் பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்து காட்டியதும், அந்த நிலைக்கு இந்தப் பெயரை எடுத்துக் கொடுத்தவர் மருத்துவர் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். ஈதருக்கு 'மயக்கம்' சரி. 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் முதுகுத்தண்டு நீரில் கொக்கைனைச் செலுத்திக் காலில் அறுவை செய்தாரே, அதற்கு அந்தச் சொல் பொருந்தாது. பல் பிடுங்கும்போது 'மரத்துப்போற ஊசி' என்கிறோம் அல்லவா? அதுதான் பொருத்தம்: தண்டுவட மரப்பு.

இதே சொல்லைச் சர்க்கரைக்காரர்களும் சொல்வார்கள்: "பாதம் மரத்துப் போச்சு." இரண்டுக்கும் உறவு உண்டு. முதுகில் போடும் மருந்து வலி நரம்பை மட்டும் மரக்கச் செய்வதில்லை. ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளையும் தளர்த்திவிடும். குழாய் விரியும், பிரஷர் இறங்கும். நல்ல உடம்பு மேல்பாதிக் குழாய்களை இறுக்கி ஓரளவு சமாளிக்கும். பல வருடச் சர்க்கரை அந்தத் தானியங்கி நரம்புகளையும் அரித்திருந்தால் சமாளிப்பு குறையும், பிரஷர் சட்டென்று விழலாம். "இடுப்புக்குக் கீழதான மரக்குது, சுகர் என்ன பண்ணும்?" என்று அசட்டையாகக் கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். அப்புறம், உடல் பருமன் இருந்தால் ஊசி இறங்க வேண்டிய எலும்பு இடைவெளி கைக்குத் தட்டுப்படாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறவும் நாளாகும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு அதிகம்.

சர்க்கரை, பருமன் எல்லாம் மெட்டபாலிசத்தின் கணக்கு. கிரேக்கத்தில் அதற்கு 'மாற்றம்' என்று மட்டுமே பொருள். தமிழின் 'வளர்சிதை மாற்றம்' அதைவிடக் கெட்டிக்காரச் சொல். உடம்பு கட்டுவதையும் உடைப்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

காலில் ஆபரேஷனுக்கு வந்த சர்க்கரைக்காரரிடம் மயக்க டாக்டர், "படுக்கையில இருந்து எந்திரிச்சா எப்படி இருக்கு?" என்று கேட்பது, எழுந்ததும் குழாயை இறுக்கிப் பிரஷரைத் தாங்க வேண்டிய அந்தத் தானியங்கி நரம்புகளை நோட்டம் பார்க்கத்தான். வருகிற பதில் பல நேரம் இப்படி இருக்கும்: "லேசா மயக்கமா வருதுங்க சார்."